சாப்பாட்டுக்கு முந்தின மரங்கள்

தம்பி, அந்தக் கன்னை மடியில வச்சுக்கிடுங்க. கீழ வச்சா ஏறி எறங்குறவன் மிதிச்சிருவான். எலுமிச்சைதானே? கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. பயப்படாதீக, பிச்சுற மாட்டேன். இலையத் திருப்பிப் பாக்கேன், அவ்வளவுதான்.

ம். சுத்தமா இருக்கு. இந்தா, வெள்ளைக் கோடு இழுத்தாப்புல இருக்கு பாருங்க, இது பூச்சி ஊர்ந்த தடம். வேப்பெண்ணெய் ரெண்டு தடவை அடிச்சாப் போயிரும். நான் பயந்தது வேற. சொறி. இலையில குண்டூசித் தலை மாதிரி புள்ளி எந்திரிச்சு நிக்கும். சுத்தி மஞ்சளா ஒரு வட்டம். தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரங்கும். கொப்புல வரும், காய்லயும் வரும். வந்த காயை மார்க்கெட்டுல ஒருத்தன் கையில எடுத்துப் பாத்துட்டு, அப்படியே கீழ போட்டுட்டுப் போயிருவான். பாக்டீரியாக் கிருமின்னு தோட்டக்கலை மேடம் சொன்னாக. சாரல்ல பரவும், ஈரத்தோட அடிக்கிற காத்துல பரவும், சீக்குக் கன்னை வாங்கி வச்சாப் பரவும். அப்புறம்...

அப்புறம் கொப்பு வெட்டுற கத்தரியிலயும் பரவும்னு சொன்னாக.

எது வரைக்கும் போறீக? தென்காசியா. நல்லது. நான் புளியங்குடி. பேரு சிவனணைஞ்சான். அணைஞ்சான்னுதான் கூப்பிடுவாக. கவாத்துக்காரன் அணைஞ்சான்னு கேட்டா எங்க ஊர்ல எந்த எலுமிச்சைத் தோட்டத்துலயும் கை காட்டுவாக. காட்டுனாக, முன்ன. இப்ப ராசபாளையத்துல ஒரு நூல் மில்லுல வாச்மேன். லாரி வந்தா கேட்டைத் தொறக்கணும், நம்பரை எழுதணும், மூடணும். உக்காந்த இடத்துல வேலை. கஷ்டம்னு சொல்ல முடியாது. ஆனா பேச ஆளு கெடையாது தம்பி. ஒரு நாளைக்கு நான் பேசுறது "எங்கருந்து வாரீக, எங்க போறீக", அது ரெண்டுதான். சாயங்காலம் வாய் ஒட்டிக்கிடும். அதான் பஸ்ஸுல பக்கத்துல ஆள் உக்காந்தா விட மாட்டேன். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லுங்க, நிறுத்திக்கிடுதேன்.

ஞாயித்துக்கெழமை லீவு. ஊருக்கு வாரேன். வீடு இருக்குல்ல, கூட்டித் தண்ணி தெளிக்கணும். பெஞ்சாதி தவறிப் பதினாறு வருசம் ஆச்சு. மக திருப்பூர்ல இருக்கா. போன் போட்டா, "அப்பா, ஷிஃப்ட்ல நிக்கேன், அப்புறம் பேசுதேன்"ம்பா. பேசவும் செய்வா. நல்ல பிள்ளை.

கவாத்துன்னா சும்மா வெட்டுறது இல்லை தம்பி. காஞ்ச குச்சி, உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நிக்கிற கொப்பு, தூருலருந்து வெறுமனே மேல போற போத்து, இதையெல்லாம் எடுத்து மரத்துக்குள்ள வெயிலு விழுற மாதிரிப் பண்ணணும். முள்ளு கிழிக்கும். இந்தக் கையப் பாருங்க. இதுல கிழியாத இடம் கெடையாது. முப்பத்தோரு வருசம். ஒரு நாளைக்கு ரெண்டு தோட்டத்துலருந்து ஆள் விடுவாக. காலையில ஒருத்தரு, மத்தியானம் ஒருத்தரு. "அணைஞ்சான் வந்தாத்தான்"ம்பாக. அதுல எனக்கு ஒரு இது. இல்லைன்னு சொல்லலை.

ஆவுடையம்மான்னு ஒருத்தக. ஊருக்கு வடக்க அவுக தோட்டம். ஒண்ணே முக்கால் ஏக்கர். வரிசைக்கு ஒம்பது மரம், பத்தொம்பது வரிசை. வீட்டுக்காரரு மஞ்சக்காமாலையில போன பிறகு அந்தம்மா ஒத்தையில பாத்துக்கிட்ட தோட்டம். பையன் கப்பல்ல வேலை பாக்கான், வருசத்துக்கு ஒருக்க வருவான். பதினெட்டு வருசமா நான்தான் அங்க கவாத்து. வேற ஆள விட மாட்டாக. மொத்தமாப் பாத்தா வருசத்துக்கு நாலு நாள் வேலை. வேலை இல்லாத நாள்லயும் அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவேன். மரத்தைப் பாக்கத்தான்.

கவாத்து அன்னைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பண்ணுவாக. தோட்டத்துலயேதான் அவுக வீடு. நான் மோட்டார் ரூம் நிழல்ல உக்காந்து சாப்பிடுவேன். அவுக வாசப்படியில உக்காந்துக்கிடுவாக. பேச்செல்லாம் மரத்தப் பத்தித்தான். மூணாவது வரிசையில அந்தக் கடைசி மரம் ஏன் பிந்திப் பூக்குது, இந்த வருசம் சாரல் எப்படி, அதுதான். வேற ஒண்ணும் கெடையாது. என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாக. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான், அதுக்கு நாம என்ன பண்ண முடியும். மரத்தப் பத்திப் பேசுனாலும் பேச்சு பேச்சுதானே தம்பி. அன்னைக்கு ராத்திரிச் சோறு பொங்கத் தோணாது எனக்கு. வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கும்.

சரி. போன வருசம் ஆடி மாசம். நல்ல சாரல். எங்க ஊர்ல முக்காண்டின்னு ஒருத்தன் தோட்டம் இருக்கு. அவன் வெளியூர்லருந்து புதுசா ஒரு லோடு கன்னு எறக்குனான். மலிவா கெடைச்சுதுன்னு. பெரிய மரங்களுக்கு ஊடால வச்சுட்டான். ஆவுடையம்மா எங்கிட்டச் சொன்னாக, "அண்ணாச்சி, முக்காண்டி கன்னுல ஏதோ புள்ளி இருக்காம். பால்காரர் சொன்னாரு. நம்ம கவாத்து முடியிற வரைக்கும் அங்க போகாதீக." நான் சரின்னுட்டேன். போக மாட்டேன்னு சொன்னேன்.

போனேன்.

அவுக தோட்டத்துல கவாத்து ஆரம்பிக்கிற அன்னைக்கு, விடியுறதுக்கு முந்தி முக்காண்டி என் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். "அண்ணே, ஒரு பத்து மரம். நீங்க கை வச்சாத்தான் எனக்குத் திருப்தி. ஒரு மணி நேரம்." நான் என்ன சொல்லுவேன்? வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவனை எப்படி அனுப்புறது? அவன் கன்னுகளையும் பாத்தேன். புள்ளி இருந்துச்சு. ஏதோ பூச்சி கடிச்சிருக்குன்னு நெனச்சேன். முப்பத்தோரு வருசத்துல எத்தனை புள்ளி பாத்திருப்பேன். அவன் பெரிய மரத்துலயும் நுனியில ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. வெட்டுனேன். கத்தரிய வேட்டியில ஒரு தொடை தொடைச்சேன். நேரா ஆவுடையம்மா தோட்டத்துக்குப் போயிட்டேன்.

மோட்டார் ரூம் பக்கத்துல ஆரம்பிச்சு வரிசை வரிசையாப் போவேன். எப்பவும் அப்படித்தான். அன்னைக்கும் அப்படித்தான். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் வரைக்கும் வேலை. மறுநாளும் அதுக்கு மறுநாளும் போயி முடிச்சுக் கொடுத்தேன். அவுகளுக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு மூணு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் போனேன். அந்தம்மா வரிசைக்குள்ள குனிஞ்சு நிக்காக. ஒரு கொப்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்காக. நான் பக்கத்துல போயும் திரும்பலை. "அண்ணாச்சி, இது என்ன?"ன்னாக. வெட்டுன இடத்துலருந்து வந்த தளிர் பூராவும் புள்ளி. நான் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். முக்காண்டி தோட்டத்துல பாத்தது இதேதான். வாயிலருந்து என்ன வந்துச்சு தெரியுமா? "சாரல் ஜாஸ்தில்லா. காத்துல வந்திருக்கும்."

காத்துலயும் வரும் தம்பி. அதுல பொய் இல்லை.

அவுகளே தோட்டக்கலை ஆபீஸுக்குப் போயி மேடத்தைக் கூட்டியாந்தாக. சின்ன வயசுப் பிள்ளை. நாஞ்சில் நாட்டுப் பக்கத்துப் பேச்சு. மரம் மரமாப் பாத்துது. சுத்துத் தோட்டக்காரங்களையும் வரச் சொல்லி மோட்டார் ரூம் முன்னால கூட்டம் மாதிரி நிக்க வச்சுப் பேசுச்சு. இந்த நோய்க்கு மருந்து கொடுத்துக் கொணமாக்க முடியாது, பரவாமத்தான் தடுக்க முடியும்னு சொல்லுச்சு. சீக்குக் கொப்பை வெட்டி அங்கயே எரிக்கணும், தாமிர மருந்து அடிக்கணும், ஈரத்தோட மரத்தைத் தொடக்கூடாது. இன்னொண்ணும் சொல்லுச்சு. "கவாத்துக் கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணியில முக்கி எடுக்கணும். ஒரு தோட்டத்துல வெட்டின கத்தரி அப்படியே அடுத்த தோட்டத்துக்குப் போச்சுன்னா, நோயையும் கூட்டிட்டுத்தான் போகும்."

அங்க ஏழெட்டுப் பேரு நின்னோம். அத்தனை பேரும் மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தாங்க. முக்காண்டி மட்டும் தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

மேடம் கேட்டுது. "நீங்கதானா கவாத்து பண்ணினது? இங்க வாரதுக்கு முந்தி எந்தத் தோட்டத்துல வெட்டினீங்க?"

"வீட்டுலருந்து வந்தேன்"னேன்.

முக்காண்டி வாயே தொறக்கலை. தொறந்தா சீக்குக் கன்னு கொண்டாந்தது அவன்தான்னு ஆயிருமே. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிடலை, தம்பி. சாமி சத்தியமா. பேசாமலே அது நடந்துச்சு.

கூட்டத்துல ஒருத்தரு, "தெனம் ரெண்டு தோட்டத்துக்குப் போற ஆளாச்சே"ன்னு இழுத்தாரு. ஆவுடையம்மா விடலை. "அவரு வீட்டுலருந்துதான் வந்தாரு. கவாத்து முடியிற வரைக்கும் வேற எங்கயும் போக மாட்டேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. அண்ணாச்சி பொய் சொல்லுற ஆளு இல்லை"ன்னாக. சத்தமாச் சொல்லலை. எப்பவும் பேசுற மாதிரிதான் சொன்னாக. அதுக்கு மேல யாரும் பேசலை.

எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. வெக்கமா இருக்கு சொல்லுறதுக்கு. ஆனா அப்பாடான்னுதான் இருந்துச்சு.

ஜன்னலக் கொஞ்சம் தள்ளி விடட்டுமா? வெக்கையா இருக்கு. வாசுதேவநல்லூர் தாண்டியாச்சு.

மேடம் மரத்துல செவப்பு பெயிண்டால கோடு போட்டுட்டுப் போச்சு. கோடு போட்ட மரத்தையெல்லாம் இடுப்புயரத்துக்கு வெட்டணும். வெட்டுன அத்தனையும் அங்கயே எரிக்கணும். வெட்டுன வாயில மருந்துப் பசை பூசணும். திரும்பத் தளுத்து வந்து காய் பிடிக்க ரெண்டு மூணு வருசம் ஆகும்னுச்சு. மத்த மரங்களுக்கு இருவது நாளைக்கு ஒருக்க மருந்து. நாப்பத்தொரு மரம், தம்பி. காய்க்கிற மரம்.

ஊர்ல அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னையக் கூப்பிடலை. திட்டலை, சண்டை போடலை. கூப்பிடலை, அவ்வளவுதான். டீக்கடைக்குப் போனா, பேசிக்கிட்டு இருந்தவன் டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுப் போவான். நான் வெளியவே நின்னு குடிச்சுட்டு வந்துருவேன். ஆனா ஆவுடையம்மா ஆள் விட்டாக. புரட்டாசி மாசம். "வெட்டுறதுக்கு அண்ணாச்சியவே வரச் சொல்லு. வேற யாரும் வெட்டுனா எனக்குப் பாக்கத் தாங்காது"ன்னு சொல்லி விட்டாக. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஊரே ஒதுக்குன பிறகும் அவுக ஒதுக்கலையேன்னு. ரம்பம், கத்தரி எல்லாம் தீட்டிக்கிட்டுப் போனேன்.

வாசல்ல சாக்கு விரிச்சு வெள்ளைப் பவுடர் போட்டிருந்தாக. மிதிச்சுட்டுத்தான் உள்ள போகணும். வாளியில பிளீச்சிங் தண்ணி. மரத்துக்கு மரம் முக்குனேன். யாரும் சொல்லாமலே முக்குனேன். மோட்டார் ரூம் பக்கத்துல மொதல் மரம். வெட்டுனேன். ரெண்டாவது. மூணாவது. மொதல் வரிசை முடிஞ்சுது. ரெண்டாவது வரிசை முடிஞ்சுது. மொதல் வரிசையிலதான் சொறி அதிகம். போகப் போகக் கொறையுது. நாலு வரிசை முழுசும் செவப்புக் கோடு. அஞ்சாவது வரிசையில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது மரத்துல கோடு இல்லை.

கத்தரிய வாளியில போட்டுட்டு அந்த மரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரே வரிசை. இருவதடிகூட இடைவெளி இல்லை. அஞ்சாவது மரத்துல இலை பூராவும் புள்ளி. ஆறாவது மரம் கழுவி விட்ட மாதிரி நிக்கி. அதுக்கு அங்கிட்டுக் கடைசி வரைக்கும் அப்படித்தான். காத்து வந்தா இப்படியா வரும் தம்பி? நடு வரிசையில வந்து நின்னுக்கிடுமா காத்து?

நான் அன்னைக்கு நடந்த வழி அது. நான் மரம் மரமா நடந்து போன வழியிலயே நடந்து வந்திருக்கு. ஆனா ஏன் அங்க நின்னுச்சுன்னு எனக்குப் பிடிபடலை.

அந்தம்மா பின்னால வந்து நின்னது தெரியலை. அவுகளும் அந்த ரெண்டு மரத்தையும்தான் பாத்துக்கிட்டு நின்னாக. ரொம்ப நாளாவே பாத்திருப்பாகபோல. அப்புறம் சொன்னாக.

"இந்த மரத்தோடதான் அன்னைக்குச் சாப்பிட வந்தீக, அண்ணாச்சி."

நான் ரம்பத்தைக் கீழ வச்சேன்.

"சாப்பிடும்போது கத்தரிய வாசப்படியில வச்சிருந்தீக. பிசின் ஒட்டிக் கறுப்பா இருந்துச்சு. பாத்திரம் வெளக்குறப்ப அதையும் சேத்து சோப்புப் போட்டு வெளக்கி வெயில்ல வச்சேன். உங்ககிட்டச் சொல்லலை."

சாப்பாட்டுக்கு முந்தி வெட்டுன மரம் நாப்பத்தொண்ணு. சாப்பாட்டுக்குப் பிந்தி வெட்டுனது நூத்தி முப்பது. அந்த நூத்தி முப்பதும் தப்பி நின்னது அந்தம்மா கையால. அவுகளுக்கே அது அப்பத் தெரியாது.

அவுக என்னையப் பாத்துக் கேட்டாக. கோவமாக் கேக்கலை. மெதுவாத்தான் கேட்டாக. "அன்னைக்கு எங்கருந்து வந்தீக, அண்ணாச்சி?"

ரெண்டு பேருதான் நிக்கோம். ஊருக்காரன் யாரும் இல்லை. மேடம் இல்லை. சொல்லியிருந்தா அவுக என்ன பண்ணியிருக்கப் போறாக? நாலு வார்த்தை ஏசியிருப்பாக. இல்லைன்னா அழுதிருப்பாக. அவ்வளவுதானே. சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன்.

"வீட்டுலருந்துதான் வந்தேன்"னேன்.

அவுக "சரி"ன்னாக. "சரி அண்ணாச்சி. எரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க"ன்னு வீட்டுக்குள்ள போயிட்டாக.

அந்தச் சரிதான் தம்பி. அதுக்கு ஏசியிருக்கலாம்.

வெட்டுன கொப்பையெல்லாம் நடுவுல குமிச்சுத் தீ வச்சேன். பச்சை எலுமிச்சை எரிஞ்சா ஒரு வாடை வரும், கண்ணெல்லாம் கரிக்கும். மொட்டைக் கட்டை மாதிரி நாப்பத்தொண்ணும் நிக்கி. அன்னைக்கும் சாப்பாடு போட்டாக. வாசப்படியில உக்காரலை. தட்டை வச்சுட்டு உள்ள போயிட்டாக. நான் ரெண்டு வாயோட எந்திரிச்சேன். தட்டைக் கழுவி வச்சேன். "முடிஞ்சுதும்மா"ன்னு வெளியருந்து சொல்லிட்டு வந்துட்டேன். கத்தரிய அந்த வாளியிலயே மறந்து வச்சுட்டேன். எடுக்கவும் போகலை.

அதுக்குப் பிறகு அவுக என்னையக் கூப்பிடலை. அதுதான் எனக்கு வருத்தம். ஊரு கூப்பிடாதது பெருசு இல்லை. பதினெட்டு வருசப் பழக்கம். தை மாசம் வந்துச்சு, கூப்பிடலை. மாசி, பங்குனி, கூப்பிடலை. ஒருத்தர் ஒரு தப்பு பண்ணிட்டாருன்னா, என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? கேக்காமலே ஒதுக்கிட்டாக.

என்ன சொன்னீக?

கேட்டாகதான். ஆமா, கேட்டாகதான். அதத்தானே இப்ப நானே சொன்னேன்.

மில்லு வேலைக்கு வந்தது அதுக்குப் பிறகுதான். ஒரு டம்ளர் அரிசி பொங்குவேன். மிஞ்சுனதை கேட்டுல கெடக்கிற நாய்க்குப் போடுவேன். அதுகிட்டச் சொல்லிப் பாத்திருக்கேன் இந்தக் கதையை. மனுசங்ககிட்டன்னா, உங்களுக்கு முந்தி ரெண்டு பேருகிட்டச் சொல்லியிருக்கேன், ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்தவங்கதான். ஒருத்தர் சங்கரன்கோயில் வாத்தியாரு. இன்னொருத்தரு யாருன்னே தெரியாது, பாதியில எறங்கிப் போயிட்டாரு. உங்ககிட்ட "முக்காண்டி தோட்டத்துலருந்து வந்தேன்"னு சொல்ல வருது பாருங்க. வழுக்கிக்கிட்டு வருது. நாலு வார்த்தைகூட இல்லை. அங்க போனா நாக்கு வேற பக்கம் திரும்பிக்கிடுது.

மூணு வாரத்துக்கு முந்தி அவுக தோட்டத்துக்கு ஒருக்கப் போனேன். இந்த பஸ்ஸுதான். எறங்கி நடந்து வேலியோரமா நின்னு பாத்தேன். அந்த நாப்பத்தொண்ணும் தளுத்து ஆள் உயரத்துக்கு வந்திருக்கு தம்பி. நான் நெனைக்கவே இல்லை. இலை பச்சைப் பசேல்னு, ஒரு புள்ளி கெடையாது. மருந்து இருவது நாளைக்கு ஒருக்கன்னு சொன்னா, இருவத்தோராவது நாள் ஆக விட மாட்டாக அந்தம்மா. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, அவுகளே கவாத்து போடுறாக. புதுக் கத்தரி. பக்கத்துல வாளி. ஒரு மரம் முடிஞ்சா முக்கி எடுத்து, உதறி, அடுத்த மரம். கையெல்லாம் முள்ளுக் கீறல்.

வெட்டுறது சரியில்லை. குச்சிய நீட்டி விட்டு வெட்டுறாக. அது பட்டுப் போகும், மழைத் தண்ணி எறங்கும். என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை. "கணுவ ஒட்டி வெட்டணும்"னு சொல்லிட்டேன் வேலிக்கு வெளியருந்து.

நிமிந்து பாத்தாக. எட்டு மாசம் கழிச்சுப் பாக்காக. மொகத்துல ஒண்ணும் தெரியலை. "உள்ள வந்து காட்டிக் கொடுங்க"ன்னாக. "வாசல்ல பவுடர் கெடக்கு, மிதிச்சுட்டு வாங்க. உங்க கத்தரி இங்கதான் இருக்கு. துருப் பிடிக்காம எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்."

யாரு வந்தாலும் அதைத்தான் சொல்லுவாக. பால்காரன் வந்தாலும் மிதிச்சுட்டுத்தான் வரணும். எனக்கு மட்டும் சொல்லலை. அது எனக்குத் தெரியுது. ஆனா அந்தப் பவுடரைப் பாத்ததும் காலு நகரலை. மிதிச்சுட்டு உள்ள போனா, கத்தரிய வாங்கணும். கத்தரிய வாங்குனா, சொல்லணும். சொல்லாம அந்தக் கத்தரியத் தொட முடியாது தம்பி. "சோலி கெடக்கும்மா"ன்னேன். அவுக மறுபடியும் "சரி"ன்னாக. குனிஞ்சு வெட்ட ஆரம்பிச்சுட்டாக. கணுவ ஒட்டி வெட்டுனாக.

என்ன சோலி? வீட்டுக்கு வந்து கட்டில்ல படுத்து, ஓடுற ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அதுதான் சோலி.

போன வாரமும் இந்த வண்டியிலதான் வந்தேன். எறங்கலை. அதுக்கு முந்துன வாரமும் அந்தத் தோட்டத்து ஸ்டாப்புல எறங்கலை. வண்டியில ஏறும்போது எறங்கணும்னுதான் ஏறுதேன். சாரல் தொடங்குறதுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லை. கவாத்தை அதுக்குள்ள முடிக்கணும். நூத்தி எழுபத்தொரு மரம், ஒத்தை ஆளு, பழகாத கை. ஈரம் வந்த பிறகு கத்தரி வைக்கக் கூடாது. அவுகளுக்கும் அது தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண, கை ரெண்டுதானே இருக்கு.

கண்டக்டர் என்ன சொல்லுதாரு? ஓடைப்பாலமா?

அதுதான் தம்பி ஸ்டாப்பு. இங்க எறங்கி மேக்க ஒரு பர்லாங்கு நடந்தாத் தோட்டம். அந்தா தெரியுது பாருங்க, தென்னை ரெண்டு சேந்தாப்புல நிக்கில்ல, அதுக்குப் பின்னால. யாரும் எறங்கலைபோல. விசில் கொடுத்துட்டாரு. கெளம்பிட்டான்.

...கண்டக்டர் தம்பி. ஏ, கண்டக்டர் தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. ஆள் எறங்கணும்.

இல்லை, டிக்கெட் ஊரு வரைக்கும் இருக்கு, பரவாயில்லை. கால் ரெண்டும் மரத்துப் போச்சு, உக்காந்தே வந்தது. எறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு அடுத்த வண்டியில வாரேன். அரை மணி நேரத்துல அடுத்த வண்டி இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.

காலக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க தம்பி, போயிக்கிடுதேன். நீங்க ஜன்னல் பக்கம் நகந்து உக்காந்துக்கிடுங்க. தென்காசி வரைக்கும் நல்ல காத்து வரும்.